பழைய சாமானைக் கையில் வாங்குங்கள்

பட்டறையில் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகிறீர்கள். பில்லைப் பார்ப்பதற்கு முன் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடந்தாலும் ஒரு சாக்கில் போட்டு எடுத்துப் போங்கள். "அந்தக் குப்பை எதுக்குண்ணே?" என்று மெக்கானிக் சிரிப்பார். சிரிக்கட்டும். ஸ்பேர்ஸ் வாங்குவதில் ஏமாறாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழிகளில் பாதி அந்தச் சாக்குக்குள்தான் இருக்கிறது.

வண்டி வாங்குவது, கடன், பெர்மிட் எல்லாம் முன்னே பார்த்துவிட்டோம். ஷோரூமில் ஒரு தடவை பேரம் பேசுகிறோம். அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த வண்டிக்குக் கிளட்ச், பிரேக், பேரிங், பெல்ட், ஃபில்டர் என்று வாங்கிக்கொண்டே இருக்கிறோம். அங்கே நம்மில் பலர் பேரம் பேசுவதே இல்லை. என்ன வாங்கினோம் என்றுகூடப் பார்ப்பதில்லை. குட்டியானை வைத்து லோடு அடிக்கும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குட்டியானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சினோடு வந்தது. இன்றைக்குத் தாலுகா ஊர்களில்கூட அதற்குச் சாமான் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதிகம் ஓடும் வண்டியைத் தேடித்தான் போலிச் சரக்கும் வரும்.

ஒரே சாமான், நாலு பெட்டி

கடையில் போய் "ஒரிஜினல் கொடுங்க" என்று கேட்பது வீண். கவுன்டரில் நிற்கும் பையனுக்கு அந்தச் சொல் எதையும் சொல்லாது. அவன் அலமாரியில் இருப்பது நாலு வகை.

முதலாவது, வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி. இரண்டாவது, அந்தப் பாகத்தை உண்மையில் செய்கிற கம்பெனியின் பெட்டி. கடைக்காரர்கள் இதை ஓ.இ. சாமான் என்பார்கள். வண்டிக் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. சென்னையைச் சுற்றியே பாருங்கள்: பிஸ்டனுக்கு 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ், சக்கரத்துக்கு 1960-ல் வீல்ஸ் இந்தியா, செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கு 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. ராணே குழுமம் 1929-ல் சென்னையில் தொடங்கியதே மோட்டார் வண்டிச் சாமான் வியாபாரமாகத்தான், உற்பத்தி பிற்பாடு. இவர்கள் வண்டிக் கம்பெனிக்கும் சப்ளை செய்கிறார்கள், தங்கள் பெட்டியில் போட்டுக் கடைக்கும் அனுப்புகிறார்கள். கடைக்கு வரும் பெட்டி பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. டீசல் மெக்கானிக்குகளுக்கு இன்னமும் அது மைக்கோ பம்ப்தான். அந்தப் பெயரை நம்பித்தானே இவ்வளவு காலம் வாங்கினார்கள்!

மூன்றாவது லோக்கல். ஏதோ ஒரு சின்னத் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் செய்வது. நாலாவது டூப்ளிகேட். அடுத்தவன் பெயரை அச்சடித்து விற்பது. தெருவில் இரண்டையும் சேர்த்து 'டூப்ளிகேட்' என்கிறார்கள். அது தவறு, லோக்கல்காரருக்கு அநியாயமும்கூட. தன் பெயரையும் முகவரியையும் பெட்டியில் போடுகிறவர் நாளைக்கும் கடை நடத்த வேண்டியவர். லோக்கலில் நல்ல சரக்கும் உண்டு, சொத்தையும் உண்டு, அனுபவத்தில் பிரித்துக்கொள்ளலாம். போலியில் நல்லது கெட்டது பார்க்க ஒன்றுமில்லை.

என் 220 ரூபாய்

முதல் வண்டி எடுத்த இரண்டாம் வருடம். கிளட்ச் வேலைக்கு விட்டிருந்தேன். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் நல்ல கம்பெனியில் வாங்கிவிட்டு, ரிலீஸ் பேரிங்கில் மட்டும் கை நடுங்கியது. பேர் தெரியாத பெட்டியில் 220 ரூபாய் குறைவு. வாங்கினேன். மூன்று மாதம் ஓடியது. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போகும் வழியில், தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால், கிளட்சை மிதித்தால் அரவை மில் சத்தம். அடுத்த டீக்கடைக்குள் கியர் விழவே மாட்டேன் என்றது.

லோடை வேறு வண்டிக்கு மாற்றினேன். இழுத்துப்போகக் கூலி. கியர் பாக்ஸை மறுபடி இறக்க அதே கூலி. மண்டிக்குத் தக்காளி தாமதமாகப் போனதால் ஏற்றிவிட்டவரிடம் திட்டு, வாடகையில் கழிவு. கூட்டிப் பார்த்தபோது ஆறாயிரத்தைத் தாண்டியது. மற்ற இரண்டு சாமானும் பத்திரமாகத்தான் இருந்தன.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட கணக்கைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். சாமானின் விலையைப் பார்க்காதீர்கள். அதை எட்டிப்பிடிக்க எவ்வளவு கழற்ற வேண்டும் என்று பாருங்கள். கியர் பாக்ஸை இறக்கினால்தான் தெரியும் இடம், எஞ்சினைத் திறந்தால்தான் தெரியும் இடம், இங்கெல்லாம் முதல் இரண்டு பெட்டிதான். கிளட்ச் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே நாளில், ஒரே தரத்தில். கூடவே கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் புது பிளேட் எண்ணெயில் ஊறும். பிறகு அதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் சிக்கனம் என்ற பேச்சே வேண்டாம். பேட் விலையை ஒரு தடவை பேரம் பேசலாம், சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் நிற்கும் பஸ்ஸோடு பேரம் பேச முடியாது.

கண்ணாடிக் கைப்பிடி, மட் ஃபிளாப், கதவு ரப்பர், டெயில் லாம்ப் கவர், பாடி கிளிப் இவையெல்லாம் லோக்கலே போதும். கெட்டால் வண்டி நிற்காது. பத்து நிமிடத்தில் மாற்றலாம்.

சாக்கைத் திறந்து பார்க்கலாம்

இப்போது பழைய சாமான். அது ஏன் செத்தது என்று அதுவே சொல்லும். கேட்காமல் புதிது போட்டால் இதே வேலைக்கு மறுபடி வருவீர்கள்.

கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து ரிவெட் தெரிகிறதா, அது தன் ஆயுளை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. பிரஷர் பிளேட்டில் நீலமாகச் சூடுபட்ட திட்டு இருந்தால் டிரைவர் ஹாஃப் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறார். சாமானைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளேட் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் சீல்.

பிரேக் லைனிங் ஒரு சக்கரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை. லைனிங் மட்டும் மாற்றிவிட்டு வந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கீறல்கள் நிறைய இருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். தூசி உள்ளே போயிருக்கிறது. செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் ஓடுகிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்த வண்டிக்காரர்கள் ஃபில்டரில் மிச்சம் பிடித்து எஞ்சினில் கொட்டுகிறார்கள்.

பேட்டரி வருடம் திரும்புவதற்குள் போகிறதென்றால், அடுத்ததை வாங்குவதற்கு முன் டைனமோவைச் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 13-க்குக் கீழே கிடந்தால் சார்ஜே ஏறவில்லை. ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு வண்டிக்காரர் வீட்டிலும் ஒன்று இருக்கவேண்டும் என்பேன்.

பழைய சாமானின் இரண்டாவது உதவி, அதன் மேல் இருக்கும் எண். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் தவறும். ஒரே மாடலில் வருடத்துக்கு ஒரு மாற்றம் செய்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பெயர் ஒன்று, சென்சாரும் சைலன்சரும் வேறு. எனவே கடைக்குப் போகும்போது பழைய சாமான் கையில் இருக்கட்டும், ஆர்.சி.யில் உள்ள 17 இடச் சேஸ் எண் கைபேசியில் இருக்கட்டும்.

பேரிங் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது சுலபம். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்துளை 25 மில்லிமீட்டர். 6308 என்றால் 40. பின்னால் இரட்டை இசட் இருந்தால் இரண்டு பக்கமும் தகடு மூடி, டூ ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. சி 3 என்று போட்டிருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம்; அதற்குப் பதில் சாதா பேரிங் போட்டால் சூடேறி இறுகும். ஆயில் சீலில் 35–52–7 என்றிருந்தால் ஷாஃப்ட் 35, வெளிவிட்டம் 52, தடிமன் 7. இதெல்லாம் வண்டிக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. லேத் பட்டறை, மாவு மில், விசைத்தறி, கிணற்று மோட்டார் எல்லாவற்றிலும் இதே எண்கள்தான். மோட்டார் ரீவைண்டிங் கடையில் "பேரிங் 900 ரூபாய்" என்று பில் வந்தால், பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்துப் பக்கத்துக் கடையில் விலை கேட்க உங்களால் முடியும்.

பெட்டியைக் கிழித்துப் போடுங்கள்

போலி எப்படி வருகிறது தெரியுமா? பாதி நேரம் நாம் போட்ட குப்பையிலிருந்து. நல்ல கம்பெனியின் காலிப் பெட்டியையும் ஆயில் கேனையும் வாங்கிப் போக ஆள் இருக்கிறான். அதே பெட்டிக்குள் வேறு சரக்கு அடுத்த மாதம் வரும். ஆகவே பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், எம்.ஆர்.பி. ஒட்டிய பக்கத்தைக் கிழித்துப் பில்லோடு பின் செய்துகொள்ளுங்கள், மிச்சத்தைத் துண்டு துண்டாகக் கிழியுங்கள். ஆயில் கேனில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து. கேனின் சீலையும் உங்கள் முன்னால்தான் உடைக்க வேண்டும்.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஹாலோகிராம் ஒட்டியிருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். க்யூ.ஆர். குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்து, திறக்கும் பக்கம் அந்தக் கம்பெனியுடையதுதானா என்று பாருங்கள். பிறகு பழைய சாமானையும் புதியதையும் இரண்டு கையில் பிடித்து எடை பாருங்கள். வார்ப்பில் மிச்சம் பிடிக்கிறவன் எடையில்தான் பிடிப்பான். சுழற்றி மாட்டும் ஆயில் ஃபில்டரில், ஓட்டைகளுக்குள் மெல்லிய ரப்பர் வளையம் தெரியும். எஞ்சின் நின்றபின் ஆயில் வடிந்து போகாமல் தடுக்கிற வால்வு அது. பழைய ஃபில்டரில் இருந்தது புதியதில் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

போலி வணிகச் சின்னத்தோடு விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம்: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கையில் பில் இல்லாமல் இதில் எதுவும் நகராது. "பில் வேண்டாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த நூறு ரூபாய்க்கு உங்கள் உரிமையை அவர் வாங்கிக்கொள்கிறார்.

பில்லில் இன்னொன்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பல சாமானுக்கு 28 இருந்தது. எம்.ஆர்.பி. என்பது வரியையும் சேர்த்துத்தான். "எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. தனி" என்று யார் சொன்னாலும் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம்.

மெக்கானிக்கின் பங்கு

மெக்கானிக் எழுதிக்கொடுத்த சீட்டோடு அவர் சொன்ன கடைக்குப் போனால், கடைக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுப்பார். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. எனக்கு இதில் கோபம் இல்லை. கூலியை 500 ரூபாய்க்குப் பேரம் பேசிக் கசக்குகிறோம். அவர் வேறு வழியில் எடுத்துக்கொள்கிறார். கெடுதல் எங்கே வருகிறது என்றால், அதிகக் கமிஷன் தருகிற பெட்டி உங்கள் வண்டிக்குள் ஏறும்போதுதான்.

நான் செய்வது இது. கூலியைக் கேட்டதற்குச் சற்று மேலேயே பேசிவிடுவேன். "சாமான் நான் வாங்கிட்டு வர்றேன் அண்ணே, எந்தக் கம்பெனின்னு நீங்க சொல்லுங்க" என்பேன். கம்பெனியை அவரே சொன்னதால் பின்னால் கைகழுவ முடியாது. நீங்களாகவே மலிவில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் நீட்டினால், "சாமான் உங்களோடது, நான் பொறுப்பில்லை" என்பார். அது நியாயமும்கூட. நல்ல மெக்கானிக்கை இழந்து ஸ்பேர்ஸில் 300 ரூபாய் சம்பாதிப்பது கெட்ட வியாபாரம்.

கழட்டுச் சாமான்

சென்னையில் புதிய சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழட்டுச் சாமானுக்குப் புதுப்பேட்டை. கதவு, பானெட், பம்பர், ஹெட்லைட், சீட் இவற்றைப் பழையதில் வாங்குவது புத்திசாலித்தனம். பழைய வண்டியின் அசல் கதவு, புதிய லோக்கல் கதவைவிட நன்றாகப் பொருந்தும். பிரேக் பாகம், ஸ்டீயரிங் பாகம், டயர் இவற்றைப் பழையதில் வாங்காதீர்கள்.

எஞ்சின் வாங்குவதென்றால் மட்டும் மிகவும் நிதானம் வேண்டும். எண் பொறித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவனும் குற்றவாளிதான். நல்ல எஞ்சினாக இருந்தாலும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி. அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

செல்ஃப் மோட்டார், டைனமோ, டர்போ, பிரேக் ஷூ போன்றவற்றில் ரீகண்டிஷன் சாமான் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால் விலை குறையும். இங்கேயும் சாக்குதான் உதவுகிறது. பழைய பேட்டரியைச் சும்மா விட்டு வராதீர்கள். உள்ளே ஈயம் இருக்கிறது, அதற்கு விலை உண்டு; புதுப் பேட்டரி பில்லில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாரன்டியும் இன்சூரன்ஸும்

வெளிப் பட்டறையில் காட்டினாலே வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்துவது வழக்கம். கார்க் கம்பெனிகள் ஸ்பேர்ஸை வெளிச் சந்தையில் விற்காமல் தடுப்பது பற்றிய புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. வழக்கு பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. இருந்தாலும் நான் சொல்வேன், வாரன்டி காலம் முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே காட்டுங்கள், பில்களைச் சேர்த்து வையுங்கள். ஆணையத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வாதாட உங்களுக்கு நேரம் இருக்காது.

விபத்துக் கிளெய்மில் தேய்மானம் பிடிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்கு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் இல்லை, இரண்டாம் வருடத்தில் 10, ஐந்தாம் வருடத்தில் 35, பத்து வருடம் தாண்டினால் 50. பம்பரும் லைட்டும் போன வண்டிக்குப் பணம் பாதிதான் வந்தது என்று ஏஜென்ட்டைத் திட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த சாமான் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலை முடிந்தபின் அவர் மறுபடி பார்க்க வருவதும் உண்டு. அப்போது பழைய சாமான் இல்லையென்றால், மாற்றியதாகச் சொல்வதை அவர் நம்ப வேண்டியதில்லை.

டயர் கதை பெரிது, அடுத்த அத்தியாயத்தில் தனியாக வருகிறது. அதற்குள், வெளியே நிற்கும் உங்கள் வண்டியின் சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு காலிச் சாக்கு போட்டு வையுங்கள்.